ஹோட்டலும் பக்கத்து இல்லமும்: சென்னையில் தொண்டு அமைப்புகளோடு சேர்ந்து உணவளிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

சென்னையில் ஒரு சிறிய முதியோர் இல்லத்தின் வாரம் எப்படிப் போகிறது என்று பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை யாருக்காவது பிறந்தநாள், பிரியாணி வரும். அமாவாசையன்று வடை, பாயசத்தோடு சாப்பாடு. சில சமயம் ஒரே வேளைக்கு இரண்டு வீட்டிலிருந்து வந்துவிடும். செவ்வாய், புதன் கிழமைகளில் வாசலில் ஒரு ஆட்டோகூட நிற்காது. கொடுக்கிற மனசுக்கு இந்த ஊரில் குறைவே கிடையாது. ஆனால் அந்த மனசு விசேஷ நாளைப் பார்த்து வருகிறது. பசிக்கு எல்லா நாளும் ஒன்றுதான்.

இங்கேதான் ஒரு ஹோட்டலால் மற்றவர்களுக்கு முடியாத உதவியைச் செய்ய முடியும். ஹோட்டலில் தினமும் அடுப்பு எரிகிறது. மாஸ்டர் இருக்கிறார், அண்டா இருக்கிறது, காய்கறி மொத்த விலைக்கு வருகிறது. நாற்பது பேருக்குக் கூடுதலாகச் சமைப்பது ஒரு குடும்பத்துக்குப் பெரிய பாடு. ஹோட்டலுக்கு இன்னும் சில ஈடு இட்லி, அவ்வளவுதான். வடலூரில் வள்ளலார் 1867-ல் தொடங்கிய தருமசாலையில் அடுப்பு இன்றுவரை அணையாமல் எரிகிறது. அதைப் பெரிய காரியமாக்கியது அது தினமும் நடப்பதுதான். உங்கள் கடை வாரத்தில் ஒரே ஒரு வேளையைத் தவறாமல் ஏற்றுக்கொண்டால் போதும், அந்த வேளைக்கு ஒரு இல்லம் கவலையில்லாமல் இருக்கும்.

பத்து மேஜை போட்ட டிபன் கடைக்கும் மூன்று கிளை உள்ள உணவகத்துக்கும் இதில் வழி ஒன்றுதான். அளவு மட்டும் மாறும்.

முதல் படி: கடைக்குள் ஒரு நோட்டு

எந்த அமைப்புக்கும் போன் போடுவதற்கு முன்னால் இரண்டு வாரம் ஒரு நோட்டு வையுங்கள். கல்லாவில் இருப்பவரே எழுதலாம். காலை டிபன் முடியும்போது, மதியச் சாப்பாடு முடியும்போது, இரவு கடை சாத்தும்போது என்ன மிஞ்சியது, எவ்வளவு, மணி என்ன. இதோடு இன்னொன்றையும் எழுதுங்கள்: அடுப்பும் ஆட்களும் சும்மா இருக்கும் நேரம். பெரும்பாலான கடைகளில் மதியம் மூன்றிலிருந்து ஐந்து வரை, காலை பத்தரையிலிருந்து பதினொன்றரை வரை.

இரண்டு வாரத்தில் ஒரு விஷயம் தெளிவாகிவிடும். நன்றாக நடக்கிற கடையில் மிச்சம் குறைவு, அதுவும் ஒரு நாள் போல் ஒரு நாள் இருக்காது. மழை வந்தால் நிறைய மிஞ்சும், முகூர்த்த நாளில் ஒன்றுமே மிஞ்சாது. ஆகவே மிச்சத்தை நம்பி ஒரு இல்லம் தன் அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்திருக்க முடியாது. இரண்டையும் தனித்தனியாக வைத்துக்கொள்ளுங்கள். மிஞ்சும் உணவுக்கு ஒரு ஏற்பாடு. வாக்குக் கொடுத்துச் சமைத்து அனுப்பும் உணவுக்கு வேறொரு ஏற்பாடு. இரண்டும் ஒன்றாகக் கலந்தால், ‘மிஞ்சினால் தருகிறோம்’ என்ற நிலைக்குச் சீக்கிரமே வந்துவிடும்.

யாரோடு சேர்வது

மிஞ்சும் உணவுக்கு அதற்கென்றே இயங்கும் குழுக்களை அழையுங்கள். 2014-ல் கோயம்புத்தூரில் தொடங்கிய நோ ஃபுட் வேஸ்ட் சென்னையிலும் இயங்குகிறது. ராபின் ஹூட் ஆர்மியின் தன்னார்வலர்கள் ஹோட்டல்களிலிருந்து உணவை வாங்கிப் பகிர்கிறார்கள். அவர்கள் யாரிடமும் பணம் வாங்குவதில்லை. பெசன்ட் நகரில் 2017-ல் ‘ஐயமிட்டு உண்’ என்ற பெயரில் பொதுக் குளிர்பெட்டி ஒன்று வைக்கப்பட்டது. வேண்டுபவர் தாமே எடுத்துக்கொள்ளலாம். இப்படிப்பட்ட ஏற்பாடு எதையாவது உங்கள் பகுதியில் பயன்படுத்துவதானால் முதலில் போன் செய்து, எத்தனை பேர் அளவுக்கு மேல் இருந்தால் வருவார்கள், இரவு எத்தனை மணி வரை வருவார்கள் என்று கேட்டு, பதிலைச் சமையலறைச் சுவரில் எழுதி ஒட்டுங்கள்.

வாராவாரம் சமைத்து அனுப்புவதற்கு, அருகில் இருக்கும் இடமாகப் பாருங்கள். மூன்று, நான்கு கிலோமீட்டருக்கு மேல் வேண்டாம். மெட்ரோ வேலை நடக்கிற சாலையில் நாலு கிலோமீட்டர் போவதற்குள் சாம்பார் ஆறிவிடும் என்று ஓட்டுகிறவர்களுக்குத் தெரியும். முதியோர் இல்லம், குழந்தைகள் இல்லம், மனநல மறுவாழ்வு மையம், மாலை நேர டியூஷன் நடத்தும் அமைப்பு, பார்வையற்றோர் விடுதி, எல்லாம் சென்னையின் பல பகுதிகளிலும் உண்டு. மாநகராட்சியின் வீடற்றோர் காப்பகங்களைத் தொண்டு நிறுவனங்கள்தான் நடத்துகின்றன. உங்கள் மண்டல அலுவலகத்தில் கேட்டால் பக்கத்தில் எது இருக்கிறது என்று சொல்வார்கள்.

இன்னொரு கூட்டத்தை நாம் அடிக்கடி மறந்துவிடுகிறோம். சென்ட்ரல் எதிரில் இருக்கும் ராஜீவ் காந்தி அரசு மருத்துவமனை, எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனை, அடையாறு புற்றுநோய் மையம் போன்ற இடங்களுக்கு வெளியூரிலிருந்து நோயாளியோடு வருபவர்கள். நோயாளிக்கு வார்டில் உணவு கிடைத்தாலும் கூட வந்தவர் தன் செலவில்தான் சாப்பிட வேண்டும். வாரக்கணக்கில் தங்கும்போது பலர் ஒரு வேளையைக் குறைத்துக்கொள்கிறார்கள். இவர்களுக்காக வேலை செய்யும் அமைப்பு உங்கள் பக்கத்தில் இருந்தால் யோசிக்காமல் சேருங்கள்.

மனநலம் பாதிக்கப்பட்டவர்களுக்காக 1993-ல் தொடங்கிய பான்யன், முதியவர்களுக்காக 1978-ல் தொடங்கிய விஸ்ராந்தி போன்ற பெயர்கள் சென்னையில் பலருக்கும் தெரியும். அவர்களோடு சேர்வதும் நல்லதுதான். ஆனால் என்னைக் கேட்டால், உங்கள் கடைக்குப் பின் தெருவில், பெயர்ப்பலகையின் பெயின்ட் உதிர்ந்துபோய் முப்பது பேரை வைத்துப் பார்த்துக்கொள்ளும் இடத்தைத் தேடிப் போங்கள் என்பேன். பெரிய அமைப்புக்கு நீங்கள் நூறில் ஒருவர். அங்கே நீங்கள்தான் புதன்கிழமை.

சரிபார்ப்பது

நல்ல காரியத்தில் ஆவணம் கேட்பது மரியாதைக் குறைவு என்று தயங்க வேண்டாம். ஒழுங்காக நடத்துபவர்கள் சந்தோஷமாக எடுத்துக் காட்டுவார்கள். அறக்கட்டளை என்றால் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவான பத்திரம். சங்கம் என்றால் 1975-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படியான சான்று. பான் எண், வருமான வரிப் பதிவு, தொண்டு அமைப்புகள் பதிவு செய்துகொள்ளும் நிதி ஆயோக்கின் தர்பன் தளத்துப் பதிவு எண், போன வருடத்துத் தணிக்கைக் கணக்கு. குழந்தைகள் இல்லமாக இருந்தால் 2015-ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டப்படி பதிவு கட்டாயம் இருக்க வேண்டும். அது இல்லாத இடத்துக்கு உணவு அனுப்புவதைவிட மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கோ 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்கோ தகவல் சொல்வதுதான் அந்தக் குழந்தைகளுக்கு நல்லது.

காகிதம் பாதிதான். சொல்லிவிட்டு ஒரு முறை போங்கள். பந்தி நேரத்தில் இன்னொரு முறை போங்கள். சமையலறை, கழிவறை, சாப்பிடுகிறவர்களின் முகம், இந்த மூன்றையும் பார்த்தால் மீதி புரிந்துவிடும். ‘சாப்பாடு வேண்டாம், பணமாகக் கொடுங்கள்’ என்று கேட்டால் உடனே சந்தேகப்படாதீர்கள். வாடகையும் ஆயாக்களின் சம்பளமும் சாப்பாட்டில் அடங்காது. ரசீது தர மறுத்தால் மட்டும் விலகிக்கொள்ளுங்கள்.

முதல் சந்திப்பில் கேட்க வேண்டியவை

இந்தப் படிக்கு நேரம் ஒதுக்குங்கள். ஏற்பாடு நிலைப்பதும் கலைவதும் பெரும்பாலும் இங்கேதான் முடிவாகிறது. நம்மில் பலர் என்ன கொடுக்கப்போகிறோம் என்று முடிவு செய்துகொண்டுதான் போகிறோம். உரையாடல் வழக்கமாக இப்படித்தான் தொடங்கும்:

“வர்ற ஞாயித்துக்கிழமையிலேருந்து வாராவாரம் மதியச் சாப்பாடு குடுக்கலாம்னு இருக்கோம் மேடம்.”

“ஞாயித்துக்கிழமை வேணாம் சார், அடுத்த மாசம் வரைக்கும் ஆள் சொல்லிட்டாங்க. புதன்கிழமை காலையில டிபன் குடுக்க முடியுமா? அன்னைக்குத்தான் எங்க சமையல் அக்காவுக்கு லீவு. பிரெட்டு குடுத்துச் சமாளிக்கிறோம்.”

“எத்தனை பேரு மேடம்?”

“நாப்பத்தஞ்சு. அதுல பதினாறு பேருக்குச் சுகர். எண்ணெய் கம்மியா இருக்கணும், காரம் வேணாம். பல்லு இல்லாதவங்க நிறைய பேரு, வடை எல்லாம் போட்டா தட்டுலயே இருக்கும்.”

இந்த நாலு வரியில் உங்கள் மெனுவே வந்துவிட்டது. இட்லி, நீர்க்க வைத்த சாம்பார், காரம் குறைந்த தக்காளிச் சட்னி. நீங்கள் நினைத்துப் போனது வெஜிடபிள் பிரியாணியும் கோபி மஞ்சூரியனுமாக இருந்திருக்கலாம்.

நாள், வேளை, ஆட்கள் எண்ணிக்கை, உடல்நிலை ஆகியவற்றோடு இவற்றையும் கேளுங்கள்: எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறார்கள்? சர்க்கரை மாத்திரை போடுகிறவர்களுக்குச் சாப்பாடு அரை மணி தள்ளிப்போனாலே சிரமம். அங்கே வேலை செய்பவர்களும் அதையேதான் சாப்பிடுவார்களா? அப்படியானால் அவர்களையும் எண்ணிக்கையில் சேருங்கள். சைவம் மட்டுமா, முட்டை உண்டா, வெங்காயம் பூண்டு சேர்க்காதவர்கள் உண்டா? குழந்தைகள் இல்லமானால் வேர்க்கடலை, பால் எதற்காவது அலர்ஜி உள்ள குழந்தை இருக்கிறதா? கடைசியாக ஒன்று: “சாப்பாட்டைத் தவிர உங்களுக்கு எது கஷ்டமாக இருக்கிறது?” இதற்கு வரும் பதில் சில நேரம் நீங்கள் எதிர்பார்க்காததாக இருக்கும். கிரைண்டர் ரிப்பேர், கேஸ் சிலிண்டர், ஒரு பெண்ணுக்கு வேலை. ஹோட்டல்காரருக்கு இதெல்லாம் ஒரு போன் காலில் முடிகிற காரியம்.

என்னென்ன வகையில் சேரலாம்

வாரம் ஒரு வேளை சமைத்து அனுப்புவதுதான் தொடங்குவதற்கு நல்ல வடிவம். அதைத் தாண்டியும் சில உண்டு.

சமையலறை சும்மா இருக்கும் நேரத்தை அமைப்புக்குத் தரலாம். பொருளை அவர்கள் கொண்டுவருவார்கள். அடுப்பும் பாத்திரமும் ஒரு மாஸ்டரும் உங்களுடையது. மாலை டியூஷன் மையங்களுக்குச் சுண்டல் செய்ய மூன்று மணி அடுப்பு கச்சிதமாகப் பொருந்தும்.

வாங்குவதும் ஒரு உதவிதான். சாம்பார் பொடி, இட்லிப் பொடி, வடகம், அப்பளம், ஊறுகாய் இவற்றை மகளிர் சுய உதவிக் குழுவிடமிருந்தோ ஒரு மறுவாழ்வு மையத்திலிருந்தோ மாதாமாதம் வாங்கினால் அது அவர்களுக்குச் சம்பளம். தரம் சரியில்லை என்றால் சொல்லித் திருத்தவைக்கலாம். இரக்கப்பட்டு மட்டமான பொடியை வாங்கி மூலையில் போடுவதில் யாருக்கும் நன்மையில்லை. விற்பவர்களிடம் உணவுப் பாதுகாப்புப் பதிவு எண் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

வேலை கொடுப்பது எல்லாவற்றிலும் ஆழமானது. மனநலச் சிகிச்சை முடித்து மீண்டவர்கள், மாற்றுத்திறனாளிகள், இல்லத்திலிருந்து பதினெட்டு வயதில் வெளியே வரும் பிள்ளைகள், இவர்களுக்கு இலை நறுக்குவதிலிருந்து பில் போடுவது வரை கடையில் இடம் இருக்கிறது. ஆனால் அமைப்பின் ஆள் ஒருவர் முதல் மூன்று மாதம் வாரம் ஒரு முறையாவது வந்து பார்க்க வேண்டும். சம்பளம் மற்றவர்களுக்கு என்னவோ அதேதான்.

பயன்படுத்திய எண்ணெயும் இருக்கிறது. திரும்பத் திரும்பக் காய்ச்சும்போது எண்ணெயில் சேரும் கெட்ட பொருட்களை மொத்தத் துருவச் சேர்மங்கள் என்பார்கள். அவை 25 சதவீதத்தைத் தாண்டிய எண்ணெயைச் சமையலுக்குப் பயன்படுத்தக் கூடாது என்பது 2018 ஜூலையிலிருந்து விதி. அதை அங்கீகரிக்கப்பட்ட சேகரிப்பாளரிடம் கொடுத்தால் பயோடீசலுக்குப் போகும், கடைக்குப் பணம் வரும். அந்தப் பணத்தை அப்படியே அமைப்புக்கு எழுதிவைக்கலாம்.

செலவுக் கணக்கு

கணக்குப் போடாமல் ஆரம்பித்த தருமம் முதல் நஷ்ட மாதத்தில் நின்றுவிடும். மேலே சொன்ன 45 பேருக்கு, ஆளுக்கு 4 இட்லி வீதம் 180 இட்லி. ஒரு உதாரணக் கணக்கு இது. விலையை உங்கள் மளிகைச் சீட்டைப் பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள். இட்லி அரிசி 3 கிலோ 150 ரூபாய், உளுந்து முக்கால் கிலோ 115, துவரம்பருப்பு ஒன்றரைக் கிலோ 225, சாம்பார் காய் 150, தக்காளி 80, எண்ணெய், புளி, பொடி, கேஸ் எல்லாம் சேர்த்து 200, கூடுதல் வேலைக்கு 150, ஆட்டோ 100. மொத்தம் 1,170. ஆளுக்கு 26 ரூபாய். நாலு வாரத்துக்கு 4,680.

நாளைக்கு 25,000 ரூபாய் வியாபாரம் நடக்கும் கடைக்கு மாதம் ஏழரை லட்சம். அதில் இந்தச் செலவு, ரூபாய்க்கு ஒரு பைசாகூட இல்லை. இதை ‘மற்ற செலவு’ என்று எழுதாமல் மின்கட்டணம், வாடகை மாதிரி தனித் தலைப்பில் எழுதுங்கள். வியாபாரம் குறைந்த மாதத்தில் முதலில் வெட்டுப்படுவது எப்போதும் பெயரில்லாத செலவுதான். தினமும் செய்ய ஆசை இருந்தாலும் வாரம் ஒன்றில் தொடங்குங்கள். மூன்று மாதம் பிசகாமல் போனால் இரண்டாக்கலாம்.

ஒரு பக்கம் எழுதிக்கொள்ளுங்கள்

வக்கீல் வேண்டாம், முத்திரைத்தாள் வேண்டாம். லெட்டர்பேடில் ஒரு பக்கம், இரு தரப்புக் கையெழுத்து, ஆளுக்கொரு நகல். இப்படி இருக்கலாம்:

“ஒவ்வொரு புதன்கிழமையும் காலை 7.30 மணிக்குள் 45 பேருக்கு இட்லி, சாம்பார், சட்னி எங்கள் ஹோட்டலிலிருந்து வந்து சேரும். எண்ணிக்கை மாறினால் முந்தைய நாள் மாலை 6 மணிக்குள் இல்லம் தெரிவிக்கும். கடை விடுமுறை என்றால் ஒரு வாரம் முன்னதாக ஹோட்டல் தெரிவிக்கும். பாத்திரங்களைக் கழுவி அன்று மாலைக்குள் தயாராக வைப்பது இல்லத்தின் பொறுப்பு. உணவில் சந்தேகம் இருந்தால் இல்லம் திருப்பி அனுப்பலாம். இல்லத்தில் இருப்பவர்களைப் படம் எடுக்க மாட்டோம். நிறுத்த விரும்பும் தரப்பு ஒரு மாதம் முன்னதாகச் சொல்லும். ஹோட்டலில் பொறுப்பாளர் இவர். இல்லத்தில் பொறுப்பாளர் இவர்.”

திருப்பி அனுப்பலாம் என்ற வரியைக் கட்டாயம் சேருங்கள். தானமாக வந்ததைக் குறை சொல்லக் கூடாது என்ற கூச்சத்தில், லேசாகப் புளித்த சட்னியைக்கூடப் பரிமாறிவிடுகிறார்கள். அந்தக் கூச்சத்தைப் போக்க வேண்டியது கொடுப்பவர்தான்.

உணவு பத்திரமாகப் போய்ச்சேர

கடையில் சாப்பிடுகிறவருக்கு வயிறு கெட்டால் மறுநாள் மாத்திரை போட்டுக்கொள்வார். எண்பது வயதுப் பாட்டிக்கும் கைக்குழந்தைக்கும் அது ஆஸ்பத்திரி வரை போகும். ஆகவே இங்கே கடைக்கு வைத்திருப்பதைவிடக் கடுமையான விதி வேண்டும்.

சமைத்த உணவு 60 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக இருக்க வேண்டும், அல்லது 5 டிகிரிக்குக் கீழ் குளிர்ந்திருக்க வேண்டும். நடுவில் இருக்கும் சூட்டில்தான் கிருமிகள் பெருகுகின்றன. வெளியே 32 டிகிரிக்கு மேல் அடிக்கும் வெயிலில், அதாவது சென்னையின் பெரும்பாலான பகல்களில், நடுச்சூட்டில் ஒரு மணி நேரத்துக்கு மேல் எதையும் விடாதீர்கள். சோற்றில் கூடுதல் கவனம் வேண்டும். அதில் இருக்கும் பேசில்லஸ் செரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் கொதியிலும் சாவதில்லை. சோறு வெதுவெதுப்பாகக் கிடக்கும்போது அவை முளைத்து நஞ்சை உண்டாக்கும், திரும்பச் சூடு பண்ணினாலும் அந்த நஞ்சு போகாது. மதியம் வடித்து இரவு வரை மூடிவைத்த சோற்றை ‘நல்லாத்தானே இருக்கு’ என்று அனுப்பக் கூடாது என்பதற்குக் காரணம் இதுதான்.

குத்திப் பார்க்கும் வெப்பமானி சில நூறு ரூபாய்தான். கிளம்பும்போது ஒரு முறை, இல்லத்தில் இறக்கும்போது ஒரு முறை குத்திப் பார்த்து நோட்டில் எழுதுங்கள். ஹாட் பாக்ஸை முதலில் கொதிநீர் ஊற்றிச் சூடாக்கி, நீரைக் கொட்டிவிட்டு, சாம்பாரைக் கொதிக்கக் கொதிக்க விளிம்பு வரை ஊற்றி மூடுங்கள். பாதி நிரம்பிய பெட்டி சீக்கிரம் ஆறும். அளவு குறைவானால் சின்னப் பெட்டிக்கு மாறுங்கள்.

அனுப்புவதற்கு இட்லியைப் போல நல்லது வேறில்லை. புளிசாதம், எலுமிச்சைசாதம் தாங்கும். பொங்கல் போய்ச்சேர்வதற்குள் இறுகும். சற்றுத் தளர்வாகச் செய்து தனியாகக் கொஞ்சம் வெந்நீர் அனுப்பலாம். தேங்காய்ச் சட்னி வேண்டவே வேண்டாம். தக்காளிச் சட்னியோ, பொடியும் நல்லெண்ணெயுமோ அனுப்புங்கள். தயிர்சாதம் என்றால் தயிரைக் குளிரப் பெட்டியில் தனியாக அனுப்பி, அங்கேயே பிசைந்துகொள்ளச் சொல்லுங்கள். கோழி, மீன், முட்டை எதுவானாலும் கொதிசூட்டில் போய் உடனே பந்தி நடந்தால் மட்டும்.

மிஞ்சிய உணவைக் கொடுக்கும்போது: சட்டியில் மிஞ்சியது போகலாம், இலையிலும் தட்டிலும் மேஜைக் கிண்ணத்திலும் மிஞ்சியது ஒருபோதும் போகக் கூடாது. மிஞ்சும் உணவைப் பகிர்வதற்கென்றே, உணவுப் பாதுகாப்பைக் கவனிக்கும் மத்திய அரசு அமைப்பான எஃப்எஸ்எஸ்ஏஐ 2019-ல் தனி விதிமுறைகளை வெளியிட்டிருக்கிறது. உணவின் பெயர், எங்கிருந்து வந்தது, எப்போது சமைத்தது, எதற்குள் சாப்பிட வேண்டும், சைவமா அசைவமா, இவற்றை எழுதிய சீட்டு ஒவ்வொரு பாத்திரத்திலும் இருக்க வேண்டும். யாருக்கு எவ்வளவு கொடுத்தோம் என்ற பதிவும் வேண்டும். மூடியில் ஒரு டேப்பை ஒட்டி மார்க்கரில் எழுதினால் வேலை முடிந்தது.

பார்சலாகக் கட்டுவதைவிட எவர்சில்வர் பாத்திரத்தில் அனுப்பி அங்கே பரிமாறுவதுதான் நல்லது. சூடு நிற்கும், குப்பை சேராது, இன்னும் வேண்டும் என்கிறவருக்கு இன்னொரு கரண்டி கிடைக்கும். கட்டித்தான் ஆக வேண்டும் என்றால் வாழை இலையும் பாக்குமட்டையும் இருக்கின்றன. ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருட்களுக்கு 2019 ஜனவரி முதல் தமிழ்நாட்டில் தடை உண்டு.

மாஸ்டரும் மற்றவர்களும்

முதலாளியின் புண்ணியத்துக்கு மாஸ்டர் ஐந்து மணிக்கு எழுந்தால் அது நாலு வாரம் ஓடும். அவரையும் கூட்டிக்கொண்டு இல்லத்துக்குப் போங்கள். பரிமாறவிடுங்கள். அங்கே ஒரு பெரியவர் “இன்னிக்கு இட்லி பஞ்சு மாதிரி இருக்குப்பா” என்று அவரைப் பார்த்துச் சொல்லிவிட்டால், அடுத்த வாரம் உளுந்து சரியாகப் பொங்கியதா என்று நீங்கள் போய்ப் பார்க்க வேண்டியிராது. கூடுதல் வேலைக்குக் கூடுதல் கூலி கொடுங்கள். சேவை என்று சொல்லி அதைப் பிடித்துக்கொள்ளக் கூடாது. மாஸ்டர் ஊருக்குப் போகும் வாரத்துக்கு இரண்டாவது ஆள் யார் என்பதையும் இப்போதே பேசிவையுங்கள்.

வாடிக்கையாளர் பணம்

கடைக்கு வருபவர்களும் சேர ஆசைப்படுவார்கள். கல்லா அருகே ஒரு பலகை, ‘ஒருவருக்கு டிபன் 30 ரூபாய்’ என்று டோக்கன். வாங்கிய டோக்கனை அவரே பலகையில் மாட்டிவிட்டுப் போகலாம். இது நன்றாக நடக்கும், ஆனால் கணக்கு சுத்தமாக இருக்க வேண்டும். அந்தப் பணத்துக்குத் தனி நோட்டு, முடிந்தால் தனி வங்கிக் கணக்கு. மாதக் கடைசியில் எத்தனை டோக்கன் வந்தது, எத்தனை பேர் சாப்பிட்டார்கள் என்று அதே பலகையில் எழுதுங்கள். உங்கள் கடை ஏற்றுக்கொண்ட புதன்கிழமைச் செலவை இந்தப் பணத்திலிருந்து எடுக்காதீர்கள். அது உங்கள் பங்கு, இது அவர்கள் பங்கு.

பில்லில் தானாகவே ஐந்து ரூபாய் சேர்த்துவிட்டு ‘வேண்டாம் என்றால் சொல்லுங்கள்’ என்பது சரியில்லை. நேரடியாக நன்கொடை தர விரும்புபவரை அமைப்பின் க்யூஆர் குறியீட்டுக்கே அனுப்பிவிடுங்கள். ரசீதும் அவர்களே தருவார்கள்.

படம், விளம்பரம்

சாப்பாட்டுத் தட்டோடு கேமராவைப் பார்த்துச் சிரிக்கச் சொல்லாதீர்கள். வாங்கிச் சாப்பிடுகிறவருக்கும் மானம் இருக்கிறது. பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தைகளின் அடையாளத்தை வெளியிடுவதைச் சிறார் நீதிச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு தடை செய்கிறது. உங்கள் ஹோட்டலின் இன்ஸ்டாகிராம் பக்கத்துக்கும் அது பொருந்தும். அண்டாவில் ஆவி பறக்கும் இட்லியைப் படம் எடுங்கள், மாஸ்டரைப் படம் எடுங்கள், அமைப்பு என்ன வேலை செய்கிறது என்று நாலு வரி எழுதுங்கள். அதைப் பார்த்து இன்னொரு கடைக்காரர் வியாழக்கிழமையை ஏற்றுக்கொண்டால் அந்தப் பதிவுக்குப் பலன் உண்டு.

வரி

சுருக்கமாக: நன்கொடை கொடுத்தவருக்கு வருமான வரியில் கிடைக்கும், 80ஜி என்று சொல்லப்படும் சலுகை பணமாகக் கொடுத்த நன்கொடைக்குத்தான், அரிசியாகவோ சாப்பாடாகவோ கொடுத்தால் கிடையாது. ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தாலும் கிடையாது. புதிய வரிமுறையைத் தேர்ந்தெடுத்த தனிநபர்களுக்கும் இது பொருந்தாது. பெரிய நிறுவனங்களுக்கான இரண்டு சதவீத சமூகப் பொறுப்புச் செலவு விதி சாதாரண ஹோட்டல் அளவுக்கு வராது. சமைத்து அனுப்பும் செலவைக் கணக்கில் எப்படிக் காட்டுவது, டோக்கன் பணத்துக்கு ஜிஎஸ்டி எப்படி என்பதைத் தொடங்கும் முன்பே ஆடிட்டரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

அக்டோபருக்கு முன்னால்

சென்னையில் இந்த ஏற்பாட்டுக்கு ஒரு மழைத் திட்டமும் கட்டாயம் வேண்டும். 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் பல பகுதிகளில் கரண்ட் இல்லை, பால் இல்லை, சாலை இல்லை. அந்த நாட்களில் மாடியில் மாட்டிக்கொண்ட இல்லத்துக்கு, தெரிந்த ஒரு ஹோட்டலின் போன் நம்பர் பெரிய பலம்.

செப்டம்பர் கடைசியில் இல்லத்தோடு உட்கார்ந்து பேசிவிடுங்கள். தண்ணீர் முதலில் எந்தப் பக்கம் ஏறும், எந்த வழி கடைசி வரை திறந்திருக்கும், அவர்களிடம் எத்தனை நாளுக்கு அரிசியும் சிலிண்டரும் கையிருப்பு. மூன்று நாளுக்கான அவல், ரவை, பால்பவுடர், பிஸ்கட், குடிநீர்க் கேன் ஆகியவற்றை இல்லத்தின் மேல்தளத்திலேயே முன்கூட்டி ஏற்றிவைக்கச் சொல்லுங்கள். அந்தச் செலவில் பாதியை நீங்கள் ஏற்கலாம். உங்கள் கடையிலும் இரண்டு சிலிண்டர் கூடுதலாக இருக்கட்டும். வெள்ள நாளில் கிச்சடியும் புளிசாதமும் போதும். இரண்டுக்கும் மிக்சியோ கிரைண்டரோ தேவையில்லை, ஒரே அண்டாவில் முடிந்துவிடும்.

மூன்று மாதம் கழித்து

நோட்டை எடுத்துக்கொண்டு இல்லத்துக்குப் போய் அரை மணி நேரம் உட்காருங்கள். எத்தனை வாரம் தாமதமானது, எது மிஞ்சியது, எதைத் திருப்பி அனுப்பினார்கள். சாப்பிடுகிறவர்களையே கேளுங்கள். “வாராவாரம் இட்லிதானா, ஒரு வாரம் சேமியா உப்புமா போடக் கூடாதா?” என்று ஒருவர் கேட்டால் ஏற்பாடு நன்றாகப் போகிறது என்று அர்த்தம், உரிமையோடு கேட்கிற அளவுக்கு வந்துவிட்டீர்கள்.

நிறுத்த வேண்டிய நிலையும் வரலாம். கடை கைமாறும், வாடகை ஏறும், உடம்பு முடியாமல் போகும். அப்போது போனை எடுக்காமல் இருப்பதுதான் பெரிய கஷ்டத்தைக் கொடுக்கும். ஒரு மாதம் முன்னால் நேரில் போய்ச் சொல்லுங்கள். உங்கள் பகுதி ஹோட்டல்காரர்கள் யாரையாவது கையோடு கூட்டிப்போய் அறிமுகம் செய்யுங்கள். எண்ணிக்கை, சுகர் உள்ளவர்கள் பட்டியல், எந்த வாசலில் ஆட்டோ நிற்க வேண்டும், பாத்திரத்தை யாரிடம் கொடுக்க வேண்டும் என்பதெல்லாம் இருக்கும் அந்த நோட்டையும் அவரிடமே கொடுத்துவிடுங்கள்.